பெயர் எழுதாத பலகைகள்

பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்குள் போகிறவர்கள் மேடைக்கு மேலே ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மேடை வளைவைச் சுற்றி, இசை மேதைகளின் பெயர்களைப் பொறிப்பதற்காகவே செய்த அலங்காரப் பலகைகள் இருக்கின்றன. உச்சியில் இருக்கும் பலகையில் பீத்தோவன் என்று எழுதியிருக்கிறது. மற்றவை காலி. 1900 அக்டோபரில் அரங்கு திறந்தபோது பீத்தோவனைத் தவிர வேறு யார் பெயரிலும் நிர்வாகிகளுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை என்பார்கள். அதற்குப் பிறகும் யாரும் எழுதவில்லை.

அந்தக் காலத்து அமெரிக்கச் செவ்வியல் இசை உலகம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அரங்கு அமெரிக்காவில், பணம் அமெரிக்கருடையது; மேடையில் ஒலித்ததும் நடத்தியவர்களும் பெரும்பாலும் ஜெர்மன் மரபு. சொந்த மண்ணில் எழுதியவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர்கள் மீது பற்றுள்ள ரசிகர் ஒரு தனி ரகம். ராய் ஹாரிஸ், வால்டர் பிஸ்டன், டேவிட் டயமண்ட், ஹோவர்ட் ஹான்சன் என்று பெயர்களை அடுக்குவார். நாக்சோஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ‘அமெரிக்கன் கிளாசிக்ஸ்’ வரிசையை அலமாரி நிறைய வைத்திருப்பார். ஆனால் அந்தச் சிம்பொனிகளில் பாதியைக்கூட அரங்கில் உட்கார்ந்து கேட்க அவருக்கு வாய்த்திருக்காது. இந்த நாட்டு இசைக்கு எழுதுவோர் பஞ்சம் 20ஆம் நூற்றாண்டில் இருந்ததே இல்லை. முதல் முறை வாசிப்பதற்கும் ஆள் கிடைத்தார்கள். இரண்டாம் முறை வாசிக்கத்தான் ஆள் இல்லை. இந்த இசையின் பெரும்பகுதி நேரில் கேட்டால்தான் முழுசாகக் கிடைக்கும் என்பதால் இந்தக் குறை மேலும் உறுத்துகிறது.

பாஸ்டன் அரங்கு ஒலிக்கென்றே கட்டப்பட்டது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபீன் என்ற இளைஞரிடம் 1895இல் ஒரு சில்லறை வேலை வந்தது. பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொண்டது. சபீன் இரவில், ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று அளந்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து வரிசையாகப் போட்டு மறுபடி அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தாக வேண்டும். அரங்கின் கொள்ளளவுக்கும், சுவரும் துணியும் மனிதர்களும் விழுங்கும் ஒலிக்கும், ஒலி தங்கும் நேரத்துக்கும் உள்ள கணக்குத் தொடர்பு அந்த மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது. அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய முதல் கச்சேரி அரங்கு சிம்பொனி ஹால். நீண்ட செவ்வகப் பெட்டி வடிவம். ஆள் நிறைந்திருக்கும்போது ஒலி அடங்க இரண்டு வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஒரு செல்லோ தனியாகத் தொடங்கினால் அந்த ஒலி தரையில் விழாமல் காற்றில் நிற்கும்.

1939 பிப்ரவரி 24 அன்று அந்த மேடையில் அப்படித்தான் செல்லோக்கள் தனியாகத் தொடங்கின. ராய் ஹாரிஸின் மூன்றாம் சிம்பொனி. நடத்தியவர் ரஷ்யாவிலிருந்து வந்த செர்கே கூஸெவிட்ஸ்கி. டபுள் பாஸ் வாசிப்பவராகத் தொடங்கிய இவர் 1924 முதல் 1949 வரை பாஸ்டன் இசைக்குழுவின் தலைவராக இருந்தார். இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்டின் படைப்பை, அவருக்கு இருபத்தைந்து வயது நிறையும் முன்பே, கூஸெவிட்ஸ்கி மேடையேற்றினார். வில்லியம் ஷூமனின் மூன்றாம் சிம்பொனி 1941இலும், கோப்லாண்டின் மூன்றாம் சிம்பொனி 1946இலும், சாமுவேல் பார்பரின் ‘நாக்ஸ்வில்’ 1948இலும் அவர் கையால் அரங்கேறின. அமெரிக்கர்களின் இசையை அமெரிக்கர்களுக்குக் கேட்க வைக்க ஒரு ரஷ்யர் தேவைப்பட்டார். ஹாரிஸின் சிம்பொனி பதினேழு, பதினெட்டு நிமிடம்தான். ஒரு காலத்தில் மாபெரும் அமெரிக்கச் சிம்பொனி என்று கொண்டாடினார்கள். இன்று பெரிய இசைக்குழுக்களின் ஆண்டு அட்டவணையில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கூஸெவிட்ஸ்கியின் தாராளத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அங்கே நிற்பவர் ஃப்ளாரன்ஸ் பிரைஸ்.

பிரைஸ் 1887இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்து 1906இல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரிக்கும் சிம்பொனி ஹாலுக்கும் சில நிமிட நடைதான். பிற்பாடு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1932இல் வானமேக்கர் இசையமைப்புப் போட்டியில் அவருடைய முதல் சிம்பொனிக்குப் பரிசு கிடைத்தது. 1933 ஜூன் 15 அன்று ஃபிரெடரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்பொனி இசைக்குழு அதை அரங்கேற்றியது. பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்று கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை.

அதன் இரண்டாம் பகுதியைக் கேட்டால் பிரைஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் என்பது தெரிந்துவிடும். பித்தளை ஊதுகருவிகள் ஒன்றுகூடி ஒரு தேவாலயப் பாடலைப் போன்ற மெட்டை நிதானமாக எடுக்கின்றன. அடியில் முரசு மெல்ல நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இடையில் மரக்குழல்கள் சின்னதாகப் பதில் சொல்லிவிட்டு விலகுகின்றன. மூன்றாம் பகுதி ‘ஜூபா’. அடிமைகளாக இருந்தவர்களிடம் முரசுகளைப் பறித்துவிட்ட தோட்டங்களில், தொடையிலும் மார்பிலும் தட்டி, காலால் தரையை மிதித்து ஆடிய நடனம் அது. ஐரோப்பியச் சிம்பொனியில் குறும்பான மூன்றாம் பகுதிக்கு ஒதுக்கிய இடத்தில் பிரைஸ் இதைக் கொண்டுவந்து வைத்தார். வாதம் எதுவும் செய்யவில்லை, வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தத் துணிச்சல் ஹாரிஸின் கம்பீரத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

கூஸெவிட்ஸ்கிக்கு அவர் பலமுறை கடிதம் எழுதினார். 1943இல் எழுதிய கடிதத்தில், தான் பெண், தன் உடலில் ஓடுவதில் கறுப்பின ரத்தமும் உண்டு என்ற இரண்டு தடைகளையும் முதலிலேயே சொல்லிவிட்டு, சலுகை வேண்டாம், தகுதியை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூஸெவிட்ஸ்கி அவருடைய சிம்பொனி எதையும் மேடையேற்றவில்லை. பிரைஸ் 1953இல் இறந்தார். 2009இல், இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் பழுதுபார்க்க வந்தவர்கள் கட்டுக்கட்டாக இசைக் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார்கள். ஒரு காலத்தில் பிரைஸ் கோடைக்குத் தங்கிய வீடு. இரண்டு வயலின் கன்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அந்தக் குவியலில் இருந்தன. அந்தச் சிம்பொனி 2018இல்தான் அரங்கேறியது, அவர் பிறந்த ஆர்கன்சாவில், ஃபோர்ட் ஸ்மித் நகர இசைக்குழுவின் கையால். எழுதியவர் இறந்து ஏறக்குறைய 65 ஆண்டு ஆகியிருந்தது.

தாமதத்தில் இதோடு போட்டியிடக்கூடியவர் சார்ல்ஸ் ஐவ்ஸ். ஆனால் அவர் கதை வேறு மாதிரி. வசதியான வெள்ளையர், நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நடத்திச் செல்வம் சேர்த்தவர், இசையை நம்பிப் பிழைக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. 1874இல் கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் ஐவ்ஸ் அந்த ஊர் பேண்ட் வாத்தியக் குழுவின் தலைவர். இரண்டு பேண்டுகளை எதிரெதிர்த் திசையிலிருந்து வெவ்வேறு பாட்டு வாசித்தபடி நடந்துவரச் செய்து, அவை ஒன்றையொன்று கடக்கும்போது என்ன கேட்கிறது என்று சோதித்துப் பார்த்தவர் என்று அப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். மகன் வாழ்நாள் முழுக்க அந்தத் தெருமுனையிலேயே நின்று எழுதினார்.

‘தி அன்ஆன்சர்ட் குவெஸ்சன்’ 1908இல் எழுதியது, ஐந்தாறு நிமிடம்தான். தந்தி வாத்தியங்கள் மிக மெல்லிய ஒலியில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். டிரம்பெட் ஒரு கேள்வி கேட்கும், மொத்தம் ஏழு முறை, ஏறக்குறைய ஒரே தொனியில். புல்லாங்குழல்கள் ஆறு முறை பதில் சொல்லப் பார்க்கும்; ஒவ்வொரு முறையும் பதற்றமும் எரிச்சலும் கூடும். ஏழாம் கேள்விக்குப் பதில் வராது. கவனிக்க வேண்டியது, தந்தி வாத்தியங்களை முடிந்தால் மேடையிலிருந்தே அப்புறப்படுத்திவிடும்படி ஐவ்ஸ் சொல்லியிருக்கிறார் என்பது. அவை திரைக்குப் பின்னாலோ நடைபாதையிலோ இருக்கும். டிரம்பெட்டைச் சிலர் மாடியில் நிறுத்துகிறார்கள். புல்லாங்குழல்களின் வேகத்துக்கும் தந்திகளின் வேகத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்பதால் இன்னொரு நடத்துநரும் வேண்டியிருக்கும்.

இதை ஹெட்போனில் கேட்டால் தந்திகள் மெல்ல ஒலிக்கின்றன என்பது மட்டும் தெரியும். அரங்கில் கேட்டால் நடப்பது வேறு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண் தேடுகிறது, கிடைக்கவில்லை. மேடையில் நான்கு புல்லாங்குழல்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள். முன்வரிசையில் இருப்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். ஒலிப்பதிவில் தூரம் என்பது சத்தத்தைக் குறைப்பது. அரங்கில் தூரம் என்பது தூரமேதான். ஐவ்ஸ் அந்தத் தூரத்தையும் ஒரு வாத்தியமாக எழுதிவிட்டார்.

இந்தப் படைப்பு முதன்முதலில் பொது மேடையில் ஒலித்தது 1946இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அதே ஆண்டு அவருடைய மூன்றாம் சிம்பொனியை லூ ஹாரிசன் நடத்தினார். அதற்கு 1947இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. எழுதி முடித்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பரிசுப் பணத்தில் பாதியை ஐவ்ஸ் ஹாரிசனுக்கே கொடுத்துவிட்டார். 1951 பிப்ரவரியில் இரண்டாம் சிம்பொனியை லியோனர்ட் பெர்ன்ஸ்டைன் கார்னகி ஹாலில் அரங்கேற்றியபோது ஐவ்ஸின் மனைவி ஹார்மனி அரங்கில் இருந்தார். ஐவ்ஸ் போகவில்லை; பின்னால் வானொலியில் கேட்டார். நேரில் கேட்பதன் அருமையைப் பேசும் கட்டுரைக்கு இது சங்கடமான தகவல்தான்.

நான்காம் சிம்பொனிக்கு வந்தால் சங்கடம் தீர்ந்துவிடும். அதன் இரண்டாம் பகுதியில் இசைக்குழு பல துண்டுகளாகப் பிரிந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகத்தில் ஓடுகிறது. 1927இல் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் யூஜீன் கூசன்ஸ் நியூயார்க்கில் நடத்திக் காட்டினார். முழுச் சிம்பொனியும் 1965 ஏப்ரல் 26 அன்று கார்னகி ஹாலில் அரங்கேறியது. ஐவ்ஸ் இறந்து ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்குப் பிறகு. அதை நடத்திய லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கிக்கு அப்போது 83 வயது. கூடுதல் ஒத்திகைகளுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. மேடையில் அவரோடு டேவிட் காட்ஸ், ஹோசே செரெப்ரியர் என்று இன்னும் இரண்டு நடத்துநர்கள். மூன்று கோல்கள் மூன்று தாளம் போடுவதைக் கண்ணால் பார்க்கிற ரசிகருக்கு, காதில் விழுவது குழப்பம் அல்ல, கூட்டம் என்று பிடிபடும். ஒலிப்பதிவு மட்டும் கேட்டு ஐவ்ஸைக் கைவிட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை இதுதான்: ஒருமுறை நான்காம் சிம்பொனியை நேரில் பாருங்கள்.

இடம் இசையைத் தீர்மானித்ததற்கு இன்னொரு சாட்சி, ஐவ்ஸ் அளவுக்குச் சண்டைக்காரர் அல்லாத ஆரன் கோப்லாண்ட். ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ இன்று பெரிய இசைக்குழுவின் படைப்பாகவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. அது பிறந்ததோ வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்துக்குள் இருக்கும் சுமார் 500 இருக்கை அரங்கில், 1944 அக்டோபர் 30 அன்று, மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காக. மேடையும் சின்னது, வாசிப்பவர்கள் உட்காரும் பள்ளமும் சின்னது. அதனால் பதின்மூன்று பேர்தான்: ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பாசூன், ஒரு பியானோ, மீதி ஒன்பது தந்தி வாத்தியங்கள். அந்தப் பதின்மூன்று பேர் வாசிப்பைச் சிறிய அரங்கில் கேட்டவர்களுக்குப் பெரிய இசைக்குழு வடிவம் கொஞ்சம் ஊதிப்போனதாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான்.

அரங்கு இசையைக் கெடுத்த கதையும் உண்டு, அதிலும் கோப்லாண்ட் இருக்கிறார். நியூயார்க் லிங்கன் சென்டரில் ஃபில்ஹார்மானிக் ஹால் 1962 செப்டம்பர் 23 அன்று திறக்கப்பட்டது. ஒலியியல் பொறுப்பு லியோ பெரனெக்கிடம். உலகின் 54 அரங்குகளை ஆராய்ந்தவர். பாஸ்டன் வடிவத்தையே பின்பற்றச் சொன்னார். இருக்கை போதாது என்று பத்திரிகை ஒன்று கிளம்ப, எண்ணிக்கையைக் கூட்டினார்கள்; சுவர்களின் வடிவம் மாறியது. திறப்பு விழாவுக்காகக் கோப்லாண்ட் எழுதிய ‘கனொட்டேஷன்ஸ்’ பன்னிரு சுர முறையில் அமைந்த, கரடுமுரடான படைப்பு. ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ போல எதையோ எதிர்பார்த்து வந்த பட்டாடைக் கூட்டம் திகைத்தது. அடி சுருதிகள் எடுபடவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கே ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. 1976இல் உட்புறத்தை முழுக்க இடித்துக் கட்டினார்கள். மறுபடியும் 55 கோடி டாலர் செலவழித்து, 500க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் குறைத்து, 2022 அக்டோபரில் டேவிட் கெஃபன் ஹால் என்ற பெயரில் திறந்தார்கள். இந்த முறை தொடக்கத்தில் ஒலித்தது எத்தியென் சார்ல்ஸின் ‘சான் ஹுவான் ஹில்’. லிங்கன் சென்டர் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட, கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவினரும் வாழ்ந்த பகுதியின் பெயர் அது.

அரங்கு என்பது கட்டடம் மட்டுமா? 1973 ஜனவரி 18 அன்று கார்னகி ஹாலில் நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸ், ஸ்டீவ் ரைக்கின் ‘ஃபோர் ஆர்கன்ஸ்’ என்ற படைப்பை பாஸ்டன் இசைக்குழுவின் நிகழ்ச்சியில் சேர்த்திருந்தார். நான்கு மின் ஆர்கன்கள், மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை. ஒரே ஒரு சுரக்கூட்டை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிக்கொண்டே போவதுதான் படைப்பு முழுக்க நடப்பது. சில நிமிடங்களில் சந்தா கட்டி வந்த ரசிகர்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொல்லி ஒரு பக்கம், அதைக் கண்டித்து இன்னொரு பக்கம். தாளம் தவறாமல் இருக்க வாசிப்பவர்கள் எண்ணிக்கையை வாய்விட்டுக் கத்த வேண்டியிருந்தது. ரைக் முகம் வெளிறிப்போனாராம். டில்சன் தாமஸுக்கோ பரம சந்தோஷம். ஜான் கேஜ் இதற்கு இருபது ஆண்டு முன்பே கேட்பவரின் சத்தத்தையே படைப்பாக்கிவிட்டார். 1952 ஆகஸ்ட் 29 அன்று உட்ஸ்டாக் அருகே, பின்புறம் காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் மேவரிக் மர அரங்கில், டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி எதையும் வாசிக்கவில்லை. முதலில் காற்று, பிறகு கூரையில் மழைத்துளி, கடைசியில் எழுந்து போகிறவர்களின் முணுமுணுப்பு என்று கேஜ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த மழையை எந்த இசைத்தட்டிலும் வாங்க முடியாது.

எதிர்வழக்கு ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயம் அல்ல. பார்பரின் ‘அடாஜியோ’வைத் தோஸ்கனினி 1938 நவம்பரில் நடத்தியது வானொலிக்காக, எதிரொலியே இல்லாத ஒரு ஸ்டுடியோவில். அமெரிக்கச் செவ்வியல் படைப்புகளில் உலகம் அறிந்தவற்றைச் சொல்லச் சொன்னால் அது முதல் வரிசையில் இருக்கும். வானொலி இல்லாவிட்டால் அது இத்தனை வீடுகளுக்குப் போயிருக்காது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ஐவ்ஸின் நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை 1929இல் அச்சிட்டவர் இசையமைப்பாளர் ஹென்றி கவல். பியானோவை முழங்கையாலும் உள்ளங்கையாலும் வாசித்துப் பெயர் வாங்கியவர். பிறருடைய படைப்பு அச்சேறவும் மேடையேறவும் இவர் அளவுக்கு அலைந்தவர் அந்தத் தலைமுறையில் குறைவு. 1956–57இல் ஆசிய நாடுகளைச் சுற்றியபோது சென்னைக்கும் வந்தார். விளைவு அவருடைய 13ஆம் சிம்பொனி, பெயரே ‘மெட்ராஸ்’. மேற்கத்திய வாத்தியங்களோடு ஜலதரங்கமும் தபலாவும் உண்டு. 1959 மார்ச்சில் தாமஸ் ஷெர்மன் தலைமையில் நியூயார்க்கின் லிட்டில் ஆர்கெஸ்ட்ரா சென்னையிலேயே அதை அரங்கேற்றியது. அதே ஆண்டின் கடைசியில் ஆலன் ஹோவனெஸ் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் வந்து சேர்ந்தார். கர்நாடக இசை கற்றார், ராகங்களைக் குறித்துக்கொண்டார், சென்னை வானொலி நிலையத்தின் வாத்தியக் குழுவுக்காக ‘நாகூரான்’ என்று ஒரு படைப்பு எழுதினார். கவலின் சிம்பொனியை இன்று கச்சேரி மேடையில் காண்பது அரிது. சென்னை ரசிகர்களாவது அதை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

மறுபடி வாசிக்கும் பிரச்சினைக்கு உருப்படியான விடை 2005இல் வந்தது, பெரிய நகரம் எதிலிருந்தும் அல்ல. சிறு ஊர்களின் இசைக்குழுக்கள் ஒவ்வொன்றும் தனியாக ஓர் இசையமைப்பாளரை அமர்த்திப் பணம் கொடுக்க இயலாது. 65 இசைக்குழுக்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஜோன் டவரை எழுதச் சொன்னார்கள். ‘மேட் இன் அமெரிக்கா’ நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிறு நகரத்தில் அரங்கேறியது. 2007க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வாசித்தாகிவிட்டது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வரும் வாத்தியக்காரர்கள் பலர் அந்தக் குழுக்களில் உண்டு. அவர்களின் கையில் ஒரு புதிய அமெரிக்கப் படைப்பு இரண்டாம் முறை, பத்தாம் முறை, அறுபதாம் முறை ஒலித்தது, ஒவ்வொரு முறையும் வேறொரு அரங்கில், அந்த ஊர்க்காரர்கள் முன்னால்.